சிறிய அலுவலகத்திற்கு வி.பி.என். ரௌட்டர்: வேகத்தைப் பார்த்து வாங்காதீர்கள்!

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைத் தாண்டினால் செம்பரம்பாக்கம் வரும். அங்கிருந்து இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் எனத் தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன. சாலையில் போகிறவர்களின் கண்ணில் படுவது ஹூண்டாய், ரெனோ, டெய்ம்லர் போன்ற பெரிய பெயர்கள். இவற்றுக்குப் பிராக்கெட், ரப்பர் வாஷர், அட்டைப் பெட்டி போன்றவற்றைச் செய்து தரும் சிறிய நிறுவனங்களும் இந்தப் பகுதியில்தான் இருக்கின்றன.

இப்படிப்பட்ட ஒரு சிறிய அலுவலகத்தை எடுத்துக் கொள்வோம். எட்டு கம்ப்யூட்டர்கள், ஒரு பிரிண்டர், கணக்குக்கு டேலி, இன்டர்நெட் இணைப்புடன் வந்த ஒரு மோடம். அம்பத்தூரில் ஒரு கிளை தொடங்குகிறார்கள். உடனே கேள்வி வருகிறது: "இங்குள்ள டேலியை அங்கிருந்து பார்க்க முடியாதா?" யாரோ ஒருவர், "வி.பி.என். ரௌட்டர் வாங்குங்கள், சார்" என்கிறார். வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் உங்களிடம் அந்தப் பொறுப்பு வந்து சேருகிறது.

சாப்ட்வேர் துறையில் வேலை பார்ப்பதால் இந்தக் கேள்வி என்னிடமும் அடிக்கடி வரும். பெரும்பாலானவர்கள் கேட்பது, "நல்ல வேகமான மாடலாக ஒன்று சொல்லுங்கள்" என்பதுதான். ஆனால் இந்தச் சாதனத்தில் வேகம் கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவே எது போகலாம், எது போகக் கூடாது என்று அதில் நீங்கள் தீர்மானிக்க முடியுமா? இரண்டு, அதைத் தயாரித்தவர் இன்னும் எத்தனை ஆண்டுகள் அதற்கு அப்டேட் தருவார்? ஏன் என்று பார்ப்போம்.

இந்தப் பெட்டி என்ன செய்கிறது?

வி.பி.என். ரௌட்டர் என்ற சிறிய பெட்டி மூன்று வேலைகளைச் செய்கிறது.

முதல் வேலை, ஒரே இன்டர்நெட் இணைப்பை அலுவலகத்தில் உள்ள எல்லா கம்ப்யூட்டர்களுக்கும் பங்கிடுவது. இதை உங்கள் வீட்டு மோடமும் செய்கிறது.

இரண்டாவது வேலை பயர்வால். செம்பரம்பாக்கம் ஏரியைப் பார்த்தவர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். கரை முழுவதும் அடைப்பு. நீரை வெளியேற்ற 5 கண் மதகு, 19 கண் மதகு என்று வழிகள் உண்டு. எந்தக் கண்ணை எப்போது, எவ்வளவு திறப்பது என்பதை அதிகாரிகள் முடிவு செய்வார்கள். அவரவர் விருப்பத்திற்குக் கரையில் ஓட்டை போட முடியாது. பயர்வாலும் அப்படித்தான். எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, தேவையான வழியை மட்டும் திறக்க வேண்டும். இந்த வழிகளுக்கு போர்ட் என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு.

மூன்றாவது வேலை வி.பி.என். எனப்படும் வர்ச்சுவல் பிரைவேட் நெட்வொர்க். பொதுவான இன்டர்நெட் வழியாகவே, இரண்டு அலுவலகங்களுக்கு இடையே பூட்டிய சுரங்கப் பாதை ஒன்றை இது அமைக்கிறது. பாதையில் போகும் தகவல்கள் சங்கேதமாக மாற்றப்படுவதால், நடுவில் யாராவது எடுத்துப் பார்த்தாலும் படிக்க முடியாது.

வயர்டு ரௌட்டர் என்றால் வை-பி இல்லாதது. அது குறை அல்ல. இரும்புத் தகடும் பெரிய மெஷின்களும் உள்ள ஷெட்டில் வை-பி சிக்னல் தடைபடும். டேலி உள்ள கம்ப்யூட்டர், பிரிண்டர் போன்றவற்றுக்குக் கேபிள்தான் நம்பகமானது. மொபைல் போன்களுக்கு வை-பி தேவை என்றால் தனியாக ஓர் அக்சஸ் பாயிண்ட் வாங்கி இணைக்கலாம்.

ஒரகடத்தில் 2017-ல் நடந்தது

2017ஆம் ஆண்டு மே 12 அன்று வான்னாகிரை என்ற ரேன்சம்வேர் உலகெங்கும் பரவியது. கம்ப்யூட்டரில் உள்ள பைல்களைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது. சில நாட்களில் ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டன. அவற்றில் நம் ஒரகடத்தில் உள்ள ரெனோ நிசான் கார் தொழிற்சாலையும் ஒன்று.

யாரும் மெயிலில் வந்த பைலைத் திறக்காமலேயே வான்னாகிரை பரவியது. விண்டோஸில் பைல்களைப் பகிர்ந்து கொள்ள உதவும் 445 என்ற போர்ட் வழியாக, ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அடுத்த கம்ப்யூட்டருக்குத் தானாகவே தாவியது. இதற்கான தீர்வை மைக்ரோசாப்ட் 2017 மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. அதை நிறுவாத கம்ப்யூட்டர்கள் மாட்டிக் கொண்டன.

இதில் சிறிய அலுவலகத்திற்கு ஒரு பாடம் இருக்கிறது. வி.பி.என். அமைத்தவுடன் அம்பத்தூரும் செம்பரம்பாக்கமும் ஒரே நெட்வொர்க் ஆகிவிடுகின்றன. உங்களுக்கு இது வசதி. வைரஸுக்கும் அதே வசதிதான். சுரங்கப் பாதைக்குப் பூட்டு போட்டது வெளியாட்களுக்காக. உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து கிளம்பும் வைரஸுக்கு அந்தப் பூட்டு தடையே இல்லை. கிளையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் மாட்டிக் கொண்டால், தலைமை அலுவலகத்தில் உள்ள கணக்கு, டிராயிங், பில் அனைத்தும் ஆபத்தில் இருக்கும்.

எனவே சுரங்கப் பாதைக்குள்ளும் பயர்வால் விதி வேண்டும். "அம்பத்தூரில் உள்ள கம்ப்யூட்டர்கள், இங்குள்ள டேலி கம்ப்யூட்டருடன், ரிமோட் டெஸ்க்டாப் வழியாக மட்டும் பேசலாம்; மற்ற அனைத்தும் தடை" என்று ஒரு விதி எழுத முடிய வேண்டும். அப்படி எழுதிவிட்டால் 445 போர்ட் தானாகவே அடைபட்டுவிடும். சில மாடல்களில் பயர்வால் விதிகள் இன்டர்நெட்டிலிருந்து வருபவற்றுக்கு மட்டுமே செல்லுபடியாகும், வி.பி.என். வழியாக வருபவை கேள்வியின்றி உள்ளே போகும். வாங்கும் முன் இதனைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தயாரிப்பாளரின் தளத்தில் மேனுவலை டவுன்லோட் செய்து படிக்கலாம். டிபி-லிங்க், டிரேடெக் போன்றவர்கள் ரௌட்டரின் செட்டிங்ஸ் பக்கங்களின் மாதிரியையே தளத்தில் வைத்துள்ளனர். வாங்காமலேயே அதில் கிளிக் செய்து பார்க்கலாம்.

வி.பி.என். இல்லாமலே வேலை நடக்கிறதே!

சில அலுவலகங்களில் வி.பி.என். இல்லாமலே வெளியிலிருந்து டேலியைப் பார்ப்பார்கள். மோடத்தில் போர்ட் பார்வர்டிங் என்ற வசதியில் 3389 என்ற எண்ணைத் திறந்து, ரிமோட் டெஸ்க்டாப்பை நேரடியாக இன்டர்நெட்டில் வைத்திருப்பார்கள். செலவில்லாத வழி என்று இதைச் செய்து தருபவர்களும் உண்டு.

இது ஏரிக்கரையில் போட்ட ஓட்டை. இன்டர்நெட்டில் உள்ள முகவரிகளை எல்லாம் இரவு பகலாகத் தட்டிப் பார்த்து, திறந்திருக்கும் கதவுகளைத் தேடும் புரோகிராம்கள் உள்ளன. "நம்முடையது சின்னக் கம்பெனிதானே, யார் வரப் போகிறார்கள்?" என்று எண்ண வேண்டாம். அந்தப் புரோகிராமுக்குப் பெரிய கம்பெனி, சின்ன கம்பெனி என்ற வேறுபாடு தெரியாது. 2019 மே மாதம் ப்ளூகீப் என்ற குறை வெளிவந்தது. விண்டோஸ் 7 உள்ளிட்ட பழைய விண்டோஸ்களின் ரிமோட் டெஸ்க்டாப்பில், பாஸ்வேர்ட் தெரியாமலேயே நுழைய அது வழி தந்தது. நிலைமை எவ்வளவு தீவிரம் என்றால், சப்போர்ட்டை நிறுத்தி ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசாப்ட் தீர்வு வெளியிட்டது.

அதே ரிமோட் டெஸ்க்டாப்பை வி.பி.என். பாதைக்குள் வைத்தால், வெளியிலிருந்து தட்டுபவருக்குக் கதவே தெரியாது. வி.பி.என். ரௌட்டர் வாங்கும் செலவுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

கடைக்குப் போகும் முன் இரண்டு சோதனைகள்

1. உங்களுக்குப் பொது ஐ.பி. முகவரி இருக்கிறதா? வி.பி.என். பாதை அமைக்க, குறைந்தது ஒரு முனையிலாவது இன்டர்நெட்டிலிருந்து எட்டக் கூடிய முகவரி வேண்டும். இன்று பல இன்டர்நெட் நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுத் தருகின்றன. இதனைக் கண்டுபிடிப்பது எளிது. மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்தில் இன்டர்நெட் முகவரியைக் குறித்துக் கொள்ளுங்கள். பிறகு பிரவுசரில், நம் ஐ.பி. முகவரியைக் காட்டும் தளம் ஒன்றைத் திறந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நல்லது. வேறு வேறாக இருந்தாலோ, மோடத்தில் உள்ள முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினாலோ, அது பங்கு முகவரி. எவ்வளவு விலை உயர்ந்த ரௌட்டர் வாங்கினாலும் வெளியிலிருந்து அதை எட்ட முடியாது. தலைமை அலுவலகத்திற்கு மட்டும் ஸ்டாடிக் ஐ.பி. கேட்டு வாங்குங்கள். கிளையில் பங்கு முகவரி இருந்தாலும் பரவாயில்லை. அங்குள்ள ரௌட்டர் இங்கு அழைத்துப் பாதையை ஏற்படுத்திக் கொள்ளும்.

2. இரண்டு அலுவலகங்களிலும் உள் முகவரி ஒன்றா? பெரும்பாலான மோடம்கள் 192.168.1 அல்லது 192.168.0 என்று தொடங்கும் முகவரிகளைத் தரும். இரண்டு இடங்களிலும் அதுவே இருந்தால், ஒரே கதவு எண் கொண்ட இரண்டு வீடுகள் ஒரே தெருவில் இருப்பது போலாகிவிடும். பாதை இணைந்துவிட்டது என்று விளக்கு எரியும், டேலி திறக்காது. எனவே இங்கு 192.168.10, அங்கு 192.168.20 என்று முன்கூட்டியே மாற்றி வையுங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. அப்டேட்: ரௌட்டரும் ஒரு கம்ப்யூட்டர்தான். அதனுள் இருக்கும் பெர்ம்வேர் என்ற சாப்ட்வேரிலும் குறைகள் வரும். வயர்டு வி.பி.என். ரௌட்டர்களில் ஒரு காலத்தில் புகழ் பெற்றிருந்தது ஆர்.வி.042 என்ற மாடல். முதலில் லிங்க்சிஸ் பெயரிலும் பிறகு சிஸ்கோ பெயரிலும் வந்தது. 2023 ஜனவரியில், இந்த மாடலிலும் இதன் உடன்பிறப்புகளிலும் பாஸ்வேர்ட் இன்றி நுழைய வழி தரும் குறை இருப்பதாக சிஸ்கோவே அறிவித்தது. இவற்றின் ஆயுள் முடிந்துவிட்டதால் தீர்வு வெளியிடப் போவதில்லை என்றும் கூறியது. பெட்டி நன்றாகத்தான் ஓடிக் கொண்டிருக்கும். ஆனால் பூட்டு உடைந்த கதவு அது. எனவே பழைய மாடல் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். தயாரிப்பாளர் தளத்தில் அந்த மாடலின் பெர்ம்வேர் பக்கத்தைத் திறந்து, கடைசி அப்டேட்டின் தேதியைப் பாருங்கள். ஒரே மாடலில் வி1, வி2 என்று ஹார்ட்வேர் பதிப்புகள் இருக்கும். அது பெட்டியின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். உங்கள் பதிப்புக்கு உரிய பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

2. எந்த வகை வி.பி.என்.? இரண்டு அலுவலகங்களை இணைக்க ஐபிசெக், அதிலும் ஐ.கே.இ. இரண்டாம் பதிப்பு நல்லது. வெளியூரில் லேப்டாப்புடன் இருக்கும் ஒருவருக்கு ஓப்பன்வி.பி.என். அல்லது வயர்கார்ட் வசதியாக இருக்கும். பி.பி.டி.பி. என்ற பழைய வகை பல ரௌட்டர்களில் இன்னும் இருக்கிறது. அமைப்பது எளிது என்று அதைப் பரிந்துரைப்பார்கள், வேண்டாம். அதன் பாஸ்வேர்ட் முறையை உடைத்துக் காட்டி 2012லேயே செய்முறை வெளியானது. ஆப்பிள் நிறுவனம் 2016ல் தன் சாதனங்களிலிருந்து அதை நீக்கிவிட்டது.

3. இரண்டு இன்டர்நெட் இணைப்பு: இன்டர்நெட் கேபிளைச் செருகும் போர்ட்டை வேன் போர்ட் என்பார்கள். இவை இரண்டு இருக்கும் மாடலாகப் பாருங்கள். ஒன்றில் பைபர், மற்றொன்றில் வேறு நிறுவனத்தின் இணைப்பு. சாலையில் குழி தோண்டும் போது கேபிள் துண்டிக்கப்பட்டால் அடுத்த இணைப்புக்குத் தானாகவே மாறும். சரக்குடன் லாரி நிற்க, இ-வே பில் போட முடியாமல் காத்திருக்கும் நிலை வராது. ஸ்டாடிக் ஐ.பி. முதல் இணைப்புக்கு மட்டும் இருந்தால், மாறிய நேரத்தில் இன்டர்நெட் கிடைக்கும், கிளையின் வி.பி.என். கிடைக்காமல் போகலாம். இதைக் கிளையில் உள்ளவர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

4. தனித்தனிப் பிரிவுகள்: வீலேன் வசதி இருந்தால், கணக்குப் பிரிவு, சிசிடிவி கேமரா, விருந்தினர் வை-பி ஆகியவற்றைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிக்கலாம். இவற்றுக்கு இடையே பயர்வால் விதியால் தடையும் போட்டுவிட்டால், கேமராவில் புகுந்தவர் டேலிக்குத் தாவ முடியாது.

5. கடைசியாக வேகம்: பெட்டியில் ஜிகாபிட் என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அது கேபிள் போர்ட்டின் வேகம். வி.பி.என். வேகம் அதைவிட மிகக் குறைவாக இருக்கும், ஏனெனில் ஒவ்வொரு தகவலையும் பூட்டித் திறக்க வேண்டும். இது டேட்டா ஷீட்டில் ஐபிசெக் த்ரூபுட் என்ற வரியில் இருக்கும். உங்களுக்கு எவ்வளவு தேவை? 50 மெகா பைட் அளவுள்ள ஒரு டிராயிங் பைல் என்பது 400 மெகா பிட். அப்லோட் வேகம் 20 எம்.பி.பி.எஸ். என்றால் அது போய்ச் சேர ஏறத்தாழ 20 நொடிகள் ஆகும். ரௌட்டர் 100 எம்.பி.பி.எஸ். தந்தாலும் 1000 தந்தாலும் அந்த 20 நொடிகள் குறையாது. உங்கள் இன்டர்நெட் இணைப்பின் அப்லோட் வேகத்தைத் தாண்டிய வி.பி.என். வேகத்திற்குப் பணம் தர வேண்டாம்.

டேலி பற்றி ஒரு குறிப்பு. கிளையில் உள்ள டேலி, இங்குள்ள டேட்டா போல்டரை வி.பி.என். வழியாக நேரடியாகத் திறந்தால் மெதுவாகவே ஓடும். ஒவ்வொரு செயலுக்கும் பலமுறை தகவல் போய்த் திரும்ப வேண்டும் என்பதே காரணம். வேகமான ரௌட்டர் இதைச் சரி செய்யாது. இங்குள்ள கம்ப்யூட்டரிலேயே டேலியை ஓட்டி, திரையை மட்டும் ரிமோட் டெஸ்க்டாப்பில் பாருங்கள். அதற்குப் போல்டரைப் பகிரும் 445 போர்ட்டும் தேவைப்படாது.

எந்த மாடல்?

இரண்டு உதாரணங்கள் மட்டும் தருகிறேன். டிபி-லிங்க் நிறுவனத்தின் இ.ஆர்.605, ஐந்து ஜிகாபிட் போர்ட்கள் கொண்டது. ஒன்றுக்கு மேற்பட்ட வேன் இணைப்பு, ஐபிசெக், ஓப்பன்வி.பி.என். ஆகியவை உண்டு. மெனுக்கள் எளிமையாக இருப்பதால் முதல் முறை அமைப்பவருக்குப் பொருந்தும். மைக்ரோடிக் நிறுவனத்தின் ஹெக்ஸ் வரிசையிலும் ஐந்து போர்ட்கள் உண்டு. விதிகளை மிக நுணுக்கமாக எழுதலாம். ஆனால் கற்றுக் கொள்ள நேரம் பிடிக்கும்; தெரிந்தவர் ஒருவர் அருகில் இருந்தால் மட்டும் வாங்கலாம். எதை வாங்கினாலும், இரண்டு அலுவலகங்களுக்கும் ஒரே தயாரிப்பாளரின் சாதனத்தை வாங்கினால் இணைப்பது எளிது.

பொருத்திய முதல் நாளில்

பெட்டியுடன் வந்த பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள். 2017 ஜூலையில், மாற்றப்படாத பாஸ்வேர்டுடன் இருந்த பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடம்களை ஒரு மால்வேர் தாக்கியது. பாஸ்வேர்டை மாற்றுமாறு வாடிக்கையாளர்களை அந்த நிறுவனம் கேட்டுக் கொண்டது.

அடுத்து, ரிமோட் மேனேஜ்மென்ட் என்ற வசதியை நிறுத்துங்கள். ரௌட்டரின் செட்டிங்ஸ் பக்கம் அலுவலகத்திற்கு உள்ளிருந்து மட்டுமே திறக்க வேண்டும். பெர்ம்வேரைப் புதுப்பியுங்கள். பழைய மோடத்தில் திறந்து வைத்த 3389 போர்ட்டை மறக்காமல் மூடுங்கள்.

அமைத்து முடித்ததும் செட்டிங்ஸை பேக் அப் எடுத்து, ஒரு காப்பியை அலுவலகத்திற்கு வெளியே வையுங்கள். 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டதையும், அடையாற்றின் கரையோரப் பகுதிகள் மூழ்கியதையும் இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க முடியாது. ரௌட்டரையும் அதற்கான யு.பி.எஸ்.ஸையும் தரையில் வைக்காமல் சுவரில் உயரமாகப் பொருத்துங்கள்.

வி.பி.என். சட்டப்படி சரியா?

பலருக்கு இந்தப் பயம் உண்டு. சொந்த அலுவலகங்களை இணைக்க வி.பி.என். வைத்துக் கொள்வதில் தவறில்லை. வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களைச் சேமிக்க வேண்டும் என்று மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று உத்தரவிட்டது. அந்த விதி நிறுவனங்கள் தங்கள் சொந்தப் பயனுக்கு வைத்திருக்கும் வி.பி.என்.னுக்குப் பொருந்தாது என்று அது பின்னர் விளக்கியது. ஆனால் அதே உத்தரவில், லாக் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும், தாக்குதல் நடந்தது தெரிந்தால் 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும் என்ற விதிகள் நிறுவனங்களுக்கு உண்டு. ரௌட்டரின் நினைவகத்தில் சில நாட்களின் லாக் மட்டுமே தங்கும். எனவே லாக்கை ஒரு கம்ப்யூட்டருக்கு அனுப்பும் சிஸ்லாக் வசதி இருக்கிறதா என்றும் பார்த்துக் கொள்ளுங்கள்.

கடைக்குப் போகும் போது ஒரு தாளில் ஐந்து கேள்விகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள். வி.பி.என். பாதைக்குள் பயர்வால் விதி எழுத முடியுமா? கடைசி பெர்ம்வேர் எப்போது வந்தது? ஐபிசெக் ஐ.கே.இ. இரண்டாம் பதிப்பு உண்டா? வேன் போர்ட் இரண்டு உண்டா? ஐபிசெக் வேகம் எவ்வளவு? முதல் இரண்டு கேள்விகளுக்குச் சரியான பதில் கிடைக்காவிட்டால், ஐந்தாவது கேள்விக்கு எவ்வளவு பெரிய எண் சொன்னாலும் அந்தப் பெட்டி உங்கள் அலுவலகத்திற்கு வேண்டாம்.